நாலுகால் பின்னல்

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இல்லை. இதை எழுதி முடித்த பிறகும் இருக்காது. ரொறன்ரோவில் கட்டட வரைபடம் வரைவது என் வேலை. எதையும் பட்டியல் போட்டுப் பார்க்கிற பழக்கம் அதில் வந்தது. நீங்கள் நம்பாவிட்டாலும் வரிசை மாறாமல் சொல்கிறேன்.

நகரத்தின் விளிம்பில் ஒரு பழைய மாளிகையின் தோட்டத்தை, முன்பு இருந்தபடியே திரும்ப அமைத்திருந்தார்கள். பாத்திகளின் அமைப்பைப் பார்க்க, ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் அக்காவின் மகள் மதுவோடு புறப்பட்டேன். அப்போது அவளுக்கு நாலு வயது. தமிழ் மட்டும்தான் தெரியும். முழுகின ஈரம் காயட்டும் என்று அவள் தலையை விரித்துவிட்டிருந்தேன்.

"உச்சி வெயிலுக்கை தலையை விரிச்சுப்போட்டுக் கூட்டிக்கொண்டு போறாய். ஏதும் பிடிச்சுதெண்டால் நீதான் வைச்சுப் பார்க்கவேணும்," என்றாள் அக்கா.

"உவளைப் பிடிச்சால் அதுதான் பாவம்," என்றேன். காய்ந்ததும் பின்னலாம் என்று தலை கட்டும் கறுப்பு றப்பர் வளையத்தை என் கையில் மாட்டிக்கொண்டேன்.

தோட்டத்தில் நான், மது, வாசலில் ரிக்கற் கொடுத்த வெள்ளைக்காரப் பெண், அவ்வளவுதான். ரோசாப் பாத்தியின் அகலத்தைக் காலடியால் அளந்து குறித்துவிட்டு நிமிர்ந்தால் மதுவைக் காணவில்லை. அப்பால் ஒரு குளம் இருந்தது. முதலில் அங்கேதான் ஓடினேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. ரிக்கற் பெண் புதர்களுக்குள் தேடினாள். பதினைந்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் தெரியும்.

மாளிகையின் பின்புறம், குசினிப் படியில் மது இருந்தாள். கதவில் வெளிப்பூட்டு. தலை இறுக்கமாகப் பின்னியிருந்தது. நுனியில், தோட்டத்தில் செடிகளைத் தடியோடு கட்டியிருந்த அதே நார்.

"ஆர் பின்னினது?"

"அன்ரி. தலையை விரிச்சுக்கொண்டு தண்ணிக்குக் கிட்டப் போகக்கூடாதாம்."

"எந்த அன்ரி?"

"உள்ளுக்குப் போட்டா, சித்தி." பூட்டிய கதவைக் காட்டினாள்.

அன்று தன்னைத் தவிர வேறு ஆட்கள் வேலைக்கு வரவில்லை என்றாள் ரிக்கற் பெண். அவளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. றப்பர் வளையம் என் கையில்தான் இருந்தது.

வீட்டில் அவிழ்த்தபோது எண்ணினேன். மூன்று கால் இல்லை, நாலு. எனக்கோ அக்காவுக்கோ தெரியாத பின்னல். படம் வரைந்து வைத்துப் பழகிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கலைந்தது. விட்டுவிட்டேன்.

போன கிழமை மது வீடியோவில் படம் பார்த்துக்கொண்டே, கையைக் கவனிக்காமல், பொம்மையின் தலையை நாலு காலாகப் பின்னிக்கொண்டிருந்தாள். ஆர் பழக்கினது என்று கேட்டேன்.

"என்ன சித்தி, நீங்கள்தானே. அண்டைக்குக் குளத்தடியில இருத்திவைச்சுப் பின்னிவிட்டனீங்கள்."

அன்று அவள் சொன்னது யாரோ ஓர் அன்ரியை. நான் போனபோது குளத்தடியில் யாரும் இருக்கவில்லை.