மாட்டு வண்டியடியில் நடக்காத கல்யாணம்

1938 டிசம்பர் பிறந்ததிலிருந்து ஹெய்லா ஃபூரிக்குக் கால் தரையில் பாவவில்லை. இங்கிலீஷ்காரத் துரைமாரின் ஆட்சி வேண்டாமென்று நூறு வருஷத்துக்கு முன்னால் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வடக்கே கிளம்பிய முன்னோர்களின் நினைவாக, ஆகஸ்டில் கேப்டவுனை விட்டுப் புறப்பட்ட வண்டிகள் ஜோஹானஸ்பர்க்கை நெருங்கிக்கொண்டிருந்தன. போகிற ஊரிலெல்லாம் டச்சு வம்சாவளிப் போயர் ஜனத்துக்குப் பித்துப் பிடித்திருந்தது. ஆண்கள் சவரக் கத்தியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தாடி வளர்த்தார்கள். பெண்கள் முப்பாட்டி காலத்து நீளப் பாவாடையும் முகத்தையே விழுங்கிவிடும் அகலக் குல்லாயும் மாட்டிக்கொண்டார்கள். வண்டியின் அச்சில் வழியும் மசகைக் கைக்குட்டையில் தொட்டுப் பிரசாதம்போலப் பத்திரப்படுத்தினார்கள். குழந்தைகளுக்கு வண்டி நிழலில் ஞானஸ்நானம், காதலர்களுக்கு வண்டியடியில் கல்யாணம்.

ஹெய்லாவுக்கும் அந்த அதிர்ஷ்டம் அடித்திருந்தது. வண்டி வரும் சனிக்கிழமை, ரயில்வேயில் தண்டவாள வேலை பார்க்கும் தியூனிஸுக்கும் அவளுக்கும் வண்டியடியில் கல்யாணம் என்று விழாக் கமிட்டி நிச்சயித்துவிட்டது. தெருவில் போகிற நாய்க்குக்கூட அதைச் சொல்லியாயிற்று.

அவள் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துப் பண்ணைப் பெண். மழை பொய்த்து அப்பாவின் நிலம் கைவிட்டுப் போனதும், பதினேழு வயதில் ஒரு தகரப் பெட்டியோடு நகரத்துக்கு வந்து தையல் ஆலையில் சேர்ந்தாள். முதல் வருஷம் மூன்று வேளையும் மக்காச்சோளக் களிதான். தொழிற்சங்கம் வந்து, வேலைநிறுத்தம் செய்து கூலி ஏறிய பிறகே தட்டில் இறைச்சி விழுந்தது. அந்த வேலைநிறுத்தத்தில் போலீஸ் குதிரை மேலே பாய வந்தபோது, தலைமுடியைப் பிடித்து அவளைக் கடை ஓரத்துக்கு இழுத்துப் போட்டுக் காப்பாற்றியவள் ரேச்சல் அடோனிஸ். ஆலையின் பின்கட்டில் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணுகிற கலப்பினப் பெண்கள் மூவரில் மூத்தவள்.

உயிரைக் காப்பாற்றினாள் என்பதற்காக ஹெய்லா அவளோடு ஒட்டி உறவாடிவிடவில்லை. வெள்ளைப் பெண்களுக்கு ஒரு பெஞ்சு, அவர்களுக்கு வேறு பெஞ்சு. குவளையும் வேறு. சங்கத்திலேகூட அவர்களுக்குத் தனிக் கிளை. உலகமென்றால் அப்படித்தான் என்று இருந்தாள். அவளைப் புனிதையாக்கிச் சொல்வதில் பிரயோஜனமில்லை.

விழாவுக்கான குல்லாய்களைத் தைக்கும் வேலை இவர்கள் ஆலைக்குத்தான் வந்தது. இயந்திரங்கள் ஓயாமல் ஓடின. பெண்கள் பாடிக்கொண்டே தைத்தார்கள். வண்டி வர ஐந்து நாள் இருக்கும்போது, கமிட்டித் தலைவரான பாதிரியார் முதலாளியோடு உள்ளே வந்தார். பின்கட்டை எட்டிப் பார்த்ததுமே முகம் சுருங்கிவிட்டது.

"இது நம்ம இனத்தோட மானம்யா. இதுல பழுப்புக் கை படலாமா? அந்த மூணு பேரையும் இன்னிக்கே அனுப்பிடுங்க."

முதலாளிக்கு வியாபாரம் முக்கியம். சரி சரி என்று தலையாட்டினார். ரேச்சல் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். எத்தனையோ தடவை அவிழ்த்துப் பழகியவள்போல அவிழ்த்தாள். அதைப் பார்த்ததும் ஹெய்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இயந்திரத்தை நிறுத்தினாள்.

"ஐயா, அவங்க போனா நானும் போறேன்."

"உனக்குச் சனிக்கிழமை கல்யாணம்மா. நல்லா யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுத்தான் நிறுத்துனேன்."

பக்கத்து இயந்திரம் நின்றது. அதற்கடுத்தது நின்றது. கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்க மழை விட்டாற்போல ஆகிவிட்டது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சீப்பை ஒளித்து வைத்தால் கல்யாணம் நின்றுவிடுமா என்று கேட்பார்கள். இங்கே குல்லாய் நின்றதும் ஊரே ஆடிப்போயிற்று. கடைக்காரர்கள் ஆலை வாசலில் வந்து கத்தினார்கள். பெண்களின் தாய்மார்கள் வந்து மண்ணை வாரித் தூற்றாத குறை. பாதிரியாரின் மனைவி ஆர்டர் கொடுத்திருந்த குல்லாய் விளிம்பில்லாமல் மேஜையில் கிடந்தது. அந்த அம்மாள் வீட்டில் புருஷனை என்ன பாடு படுத்தினாளோ, வியாழக்கிழமை காலையில் பாதிரியாரிடமிருந்து முதலாளிக்கு ஆள் வந்துவிட்டது. மூன்று பேரும் திரும்ப வந்தார்கள். ஹெய்லாவும் தோழிகளும் மேஜைகளுக்கு நடுவே பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். வெள்ளி இருட்டுவதற்குள் அத்தனை குல்லாயும் கடைக்குப் போய்விட்டன.

பாதிரியார் லேசுப்பட்டவரில்லை. ஹெய்லா மார்பில் குத்தியிருந்த சங்கத்து பேட்ஜைக் கழற்றிவிட்டு, வேலையை நிறுத்தியது தப்பென்று எல்லார் முன்னாலும் சொன்னால்தான் கல்யாணம் என்று சொல்லியனுப்பினார். தியூனிஸின் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு தகரத் துண்டுக்காகவாடி வீடு தேடி வந்த பாக்கியத்த உதறுவ?"

தியூனிஸ் தாடியைச் சொறிந்தான். "எனக்கு அரிப்புத் தாங்கல ஹெய்லா. நீ எதச் சொன்னாலும் சரி, சீக்கிரம் சொல்லு."

அந்தக் கல்யாணம் ஹெய்லாவுக்கு வேண்டும். நிலமும் வீடும் போய், நகரத்தில் ஏழை வெள்ளைச்சி என்று ஏளனம் கேட்டவளுக்கு, நீயும் எங்களில் ஒருத்தி என்று ஒரு கூட்டமே சொல்லப்போகிற நாள் அது.

சனிக்கிழமை மைதானம் கொள்ளாத கூட்டம். சாசேஜ் வாட்டும் புகை, கொடி, பாட்டு, எங்கே திரும்பினாலும் தாடி. மாடுகள் வண்டியை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தபோது ஹெய்லாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அழுதேவிட்டாள். மணப்பெண்கள் வரிசையாக நின்றார்கள். பாதிரியார் அவளிடம் வந்ததும் நின்றார்.

"பேட்ஜக் கழட்டும்மா. பழுப்பு ஆளுங்களுக்காக வேலய நிறுத்தினது தப்புன்னு சொல்லு. இப்பவே கட்டி வைக்கிறேன்."

அவள் கை பேட்ஜுக்குப் போனது. போனது உண்மை. ஊக்கைப் பாதி திறந்தும்விட்டாள். அப்போதுதான் பாதிரியாருக்குப் பின்னால் நின்ற அவர் மனைவியின் குல்லாய் கண்ணில் பட்டது. விளிம்பு பலகைபோல விறைத்து நின்றது. ஹெய்லாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயா, உங்க வீட்டம்மா குல்லாவுக்குக் கஞ்சி போட்டது ரேச்சல். இந்த மைதானத்துல எங்க கூடம் தச்ச குல்லா எல்லாத்துக்கும் அவங்கதான் போட்டாங்க. அது தீட்டுன்னா எல்லாரும் மொதல்ல குல்லாவக் கழட்டட்டும். அப்புறம் நான் இதக் கழட்டுறேன்."

முன்வரிசைப் பெண்களின் கைகள் தலைக்குப் போயின. ஒருத்தியும் முடிச்சை அவிழ்க்கவில்லை. பாதிரியாரின் மனைவி நாடாவை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"வெயில் மண்டையப் பொளக்குது. என்னால கழட்ட முடியாது," என்றாள்.

யாரோ ஒரு கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். பாதிரியாரின் கழுத்து சிவந்தது.

"அடுத்த ஜோடி," என்றார்.

அவ்வளவுதான். மற்றவர்களுக்கெல்லாம் கல்யாணம் நடந்தது. தியூனிஸ் அவள் கையைப் பிடித்துக் கூட்டத்துக்கு வெளியே அழைத்துப் போனான். வழியெல்லாம் அவள் தேம்பினாள், நடுநடுவே அந்தக் கழுத்தை நினைத்துச் சிரித்தாள். அவன் பாவம், எதற்கு ஆறுதல் சொல்வதென்று தெரியாமல் விழித்தான்.

செவ்வாய்க்கிழமை மாஜிஸ்திரேட் முன்னால் பதிவுக் கல்யாணம். மழமழவென்று சவரம் பண்ணிக்கொண்டு வந்தான் தியூனிஸ். சாட்சிக்கு வருவதாக இருந்த அவன் அண்ணன் வரவில்லை. விஷயம் கேள்விப்பட்டு ரேச்சல் வந்து கையெழுத்துப் போட்டாள். வெளியே படியிறங்கும்போது நின்றாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"அத்தன பேரு முன்னால எனக்காகப் பேசுனீங்களாம். ஊரெல்லாம் சொல்றாங்க. ஆனா இத்தன வருஷத்துல ஒரு நாளாவது எங்க பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சிருக்கீங்களா?"



மறுநாள் டீ மணி அடித்தது. ஹெய்லா டீ ஊற்றிய தன் குவளையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கடி போற?" என்றாள் பக்கத்து இயந்திரக்காரி.

அவள் பின்கட்டை நோக்கி நடந்தாள். கூடமே திரும்பிப் பார்த்தது. அவளோடு சேர்ந்து இயந்திரத்தை நிறுத்தியவர்களின் முகங்களே இப்போது இறுகியிருந்தன. குவளை தளும்பிக் கையைச் சுட்டது. ஆனாலும் நெஞ்சு ஏதோ திருவிழாவுக்குள் நுழைவதுபோல அடித்துக்கொண்டது.

வெள்ளைப் பெண் யார் உள்ளே வந்தாலும் எழுந்து நிற்பவள் ரேச்சல். அன்று எழுந்திருக்கவில்லை. ஹெய்லாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சற்று நகர்ந்து இடம் விட்டாள்.