பேனாவால் போட்ட வட்டம்

இளமதி பல்கலைக்கழகத்தில் குற்றவியலும் தத்துவமும் படித்து முடித்து விருத்தாசலம் திரும்பியபோது, தெருவே அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டது. "போலீசாவப் போறியா, சாமியாராவப் போறியா?" அவளும் சிரித்துக்கொண்டே, "ரெண்டுக்கும் நடுவுல ஒரு வேல இருக்குதுங்க" என்பாள். தப்பு செய்து மாட்டிக்கொண்ட சிறுவர்களோடு பேசி அவர்களைத் திருப்பிக் கொண்டுவரும் வேலை அது. கடலூரில் நேர்காணல் முடிந்துவிட்டது, பதில்தான் வரவில்லை. அதுவரை சுலோச்சனா அத்தையின் பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் பொதுச்சூளைக்குப் போன யானைப் பொம்மைகள் திரும்பி வரவில்லை. அவற்றை வண்டியில் தள்ளிக்கொண்டு போனவன், பட்டறைகளுக்குச் சரக்கு வண்டி தள்ளும் பையன் திலீபன்.

"அவன்தான் வித்துட்டான். அவன் பேருல பிராது எழுதி வச்சுட்டேன், நாளைக்கே கொளஞ்சியப்பரு கோயிலு வேலுல கட்டுறேன்" என்று குதித்தாள் சுலோச்சனா.

திலீபனுக்கு முகம் வெளுத்துவிட்டது. சாமியிடமே புகார் போனவனை அந்தப் பீங்கான் தொழிற்பேட்டையில் எந்தப் பட்டறைக்காரர் வண்டி தொட விடுவார்?

இளமதிக்கு வகுப்பறை நினைவுக்கு வந்தது. யார் செய்தது என்று தேடும் முன்பு, குற்றம் என்று ஒன்று நடந்ததா என்று கேள் என்றது ஒரு பாடம். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டே இருந்தது இன்னொன்று.

"அத்த, அவன்தான்னு ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"மூஞ்சியே சொல்லுதேடி!"

"பயந்தவன் மூஞ்சியும் அப்படித்தாங்க இருக்கும். நம்ம பொம்மைன்னு சூளையில எப்படிக் கண்டுபுடிப்பாங்க?"

"அடியில வட்டம் போட்டிருக்கும். எப்பவும் சூட்டுல அழியாத ஆக்சைடு சாயத்துலதான் போடுவேன்."

"அன்னிக்கு?"

சுலோச்சனா சாய டப்பாவைப் பார்த்தாள். "சாயம் தீந்து போச்சு. அவசரத்துல..." குரல் இறங்கியது. "பேனாவுல போட்டுட்டேன்."

திலீபன் களுக்கென்று சிரித்துவிட்டான். பேனா மை அந்த நெருப்பில் புகையாகக்கூட மிஞ்சாது என்பது பேட்டையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

மூவரும் சூளைக்கு ஓடினார்கள். பக்கத்துப் பட்டறை ராஜாங்கம் சுவரோரம் கை காட்டினார். "இதுங்களா? அடையாளமே இல்லியேம்மா. பீங்கான் தொழில் படிக்கிற பசங்க செஞ்சு பழகுனதுன்னு ஒதுக்கி வச்சிருந்தேன்." தும்பிக்கை தூக்கிய வெள்ளை யானைகள், பள்ளி விட்டும் யாரும் கூட்டிப்போக வராத பிள்ளைகள்போல வரிசையாக நின்றன.

சுலோச்சனாவுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. "டேய், டீ குடிச்சியாடா?" என்றாள்.

"பிராது கட்டிட்டு வாங்க, சேந்தே குடிப்போம்."

"போடா!" அவளும் சிரித்துவிட்டாள். டீயோடு பன்னும் வந்தது.

பட்டறைக்குத் திரும்பியதும், எழுதி வைத்திருந்த பிராதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொரு தாளை எடுத்தாள் அவள். "கோயிலுக்குப் போறதுன்னு கெளம்பியாச்சு, சும்மா போவக் கூடாது. இளமதிக்கு அந்தக் கடலூர் வேல கெடைக்கணும்னு எழுதறேன். இப்பத்தான் அது என்ன வேலன்னே எனக்குப் புரிஞ்சுது."

இளமதி யானைகளுக்குச் சுற்ற வைக்கோலைப் பிரித்தாள்.

திலீபன் எட்டிப் பார்த்தான். "அக்கா, பேனாவுலயா எழுதுறீங்க?"

"சாமி சூளையில வைக்க மாட்டாருடா" என்றாள் சுலோச்சனா.