செல்வியக்காவின் தேனீயும் முனி மரத்துக் குளவியும்

குளவிக் கூடு எடுப்பது இருட்டு வேலை. குளவி அடங்கிய பிறகுதான் நம் பிழைப்பு. பகலில் தூக்கம் பிடிக்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலை மலையாகச் சுற்றும் ராத்திரி வேலைக்காரர்களே, உங்களுக்கு இது புரியும்.

கோணல் பழம்

மலையூரான கம்போங் ராஜாவில் ஸ்ட்ராபெரி போட்டிருந்த செல்வியக்கா கூப்பிட்டார். அவரிடம் இரண்டு பெட்டி வெளிநாட்டுத் தேனீ. பெட்டி வாசலுக்கு எதிரே குளவிகள் அந்தரத்தில் நின்றன. திரும்பி வரும் தேனீயைக் கவ்வி, தலையையும் சிறகையும் கிள்ளிப் போட்டுவிட்டு, நெஞ்சுக் கறியை மட்டும் உருட்டிக் குஞ்சுகளுக்குக் கொண்டுபோயின. பயத்தில் மற்ற தேனீக்கள் வெளியே வரவில்லை. தேனீ சரியாக உட்காராத பூவில் பழம் கோணிக்கொள்ளும். சரக்கு ஏற்ற வந்த லோரிக்காரர் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“அக்கா, இது ஸ்ட்ராபெரியா, இஞ்சியா?”

ஊர்க்காரன்

கைபேசியில் பார்த்துத் தெரிந்துகொண்டது: இந்த ஜாதிக் குளவி கடல் தாண்டிப் போய் ஐரோப்பாவில் தேனீக்களை அழிக்கிறதாம். இங்கே கதை தலைகீழ். குளவி ஊர்க்காரன்; பெட்டித் தேனீதான் வெளியூர்க்காரி. நம் காட்டுத் தேனீக்கள் பந்துபோல் மொய்த்து, உடம்புச் சூட்டிலேயே குளவியை வேகவைத்துவிடும். நானே பார்த்திருக்கிறேன். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை சரியாக வராது.

இதை அக்காவிடம் விளக்கிக்கொண்டிருக்கையில் அவர் புருஷன் மருந்துப் பம்பைத் தோளில் மாட்டிவந்து, நான் கத்துவதற்குள் பெட்டி வாசலிலேயே அடித்துவிட்டார். மறுநாள் அந்தப் பெட்டியே காலி. அக்கா செத்த தேனீக்களைக் கூட்டினார். மாமா விடவில்லை:

“குளவியும் செத்துச்சுல்ல? அதைச் சொல்லு லா!”

சிவப்புப் பூ

மிச்சம் ஒரு பெட்டி. குளவிக் கூட்டை எடுத்தால்தான் அது பிழைக்கும். பறக்கும்போது கண்ணில் படட்டும் என்று மீன் துண்டில் வெள்ளை நூல் கட்டிவைத்து, அதைத் தூக்கிப் பறந்த குளவியின் பின்னாலேயே ஓடினேன். அது போய்ச் சேர்ந்த இடம், பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து முனீஸ்வரர் கோயில் மரம். உச்சியில் குடம்போல் கூடு.

“அது சாமியோட காவல், தொடாத” என்றார் பூசாரி. அக்கா கெஞ்சியதில், பூக்கட்டிப் பார்க்கச் சம்மதித்தார். வெள்ளைப் பூ வந்தால் கூட்டை எடுக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. பூ மடித்த இரண்டு பொட்டலத்தையும் குலுக்கிப் போட்டு, அக்காவையே எடுக்கச் சொன்னார். பிரித்தால் சிவப்பு. அக்கா பூசாரியை நிமிர்ந்து பார்த்தார். பூசாரி மெதுவாகச் சொன்னார்:

“நான் எடுக்கல. உன் கைதானேம்மா எடுத்துச்சு?”

புது நடவு

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். பெட்டி திறந்து கிடந்தது, உள்ளே எறும்பு. ஸ்ட்ராபெரி இருந்த இடத்தில் வரிசையாக முட்டைக்கோஸ் நாற்று. என் முகத்தைப் பார்த்து அக்கா சிரித்தார்:

“கோஸுக்குப் பூவும் வேணாம், ஈயும் வேணாம். இனிமே நீயும் வேணாம் லா, தம்பி.”

கொட்டுவதைக் கொல்லச் சொல்லி எத்தனையோ பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். தேனீயைக் காப்பாற்றக் கூப்பிட்டவர் ஒருவர்தான், அந்த ஒரு வேலையைத்தான் நான் முடித்துக் கொடுக்கவில்லை.