போன வாரம் வந்த பழைய டாப்ஸ்

இன்று கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். மூலையில் தள்ளுபடிக் கூடை. அதில் கசங்கிக் கிடந்தது நாங்கள் தைத்த பச்சை டாப்ஸ்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். இந்த ஆடியில் அந்தியூர்ப் பண்டிகைக்கு ஊருக்குப் போக லீவு சொல்லியிருந்தேன். முந்தின நாள் சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"கடையில பச்சைதான் ஓடுதாமுங்க. அவசர ஆர்டர். யாரும் ஊருக்குப் போயிராதீங்க."

பண்டிகையில் கூடும் குதிரைச் சந்தையை ஊரிலிருந்து என் மகள் போனில் காட்டினாள். நான் மெஷினை நிறுத்தாமல் பார்த்தேன்.

கடைப் பெண்ணிடம் கேட்டேன். "ஏனுங்க அம்மணி, இதை எதுக்குக் கூடையில போட்டிருக்கீங்க?"

"அது பழசுங்கக்கா. போன வாரமே வந்தது. இப்ப ஊதாதான் போகுது."

பிறகு பெருமையாகச் சொன்னாள்: "இங்க எது விக்குதுன்னு சாயங்காலமே கம்பெனிக்குத் தெரிஞ்சுருமுங்க. அடுத்த வாரமே புதுசு வந்துரும். பக்கத்துக் கடைக்காரங்க எங்ககூடப் போட்டி போடவே முடியாதுங்க."

எப்படி முடியும்? இந்தக் கடையின் வேகத்துக்கு ஓடுவது என் கால். அதுவும் பெடலை விட்டு நகராமல்!

அந்தப் பெண்ணைத் திட்டி என்ன ஆகப்போகிறது? வெளியே வந்துவிட்டேன்.

பண்டிகை இனி அடுத்த ஆடியில்தான். அப்போது எந்த நிறம் ஓடும் என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். இப்போதே தைத்து வைத்துவிட்டு ஊருக்குப் போய்க்கொள்கிறேன்.