முன்வரிசைக்காரர்களின் ஓரத்துணி

பாலே பாவாடையைத் தூரத்திலிருந்து பார்த்து ஆகா, ஓகோ என்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் எங்கள் பாலே அரங்கின் தையல்கூடத்துக்கு வந்து அதை மோந்து பார்க்கட்டும். அதைத் தைக்கிற டார்லட்டன் என்ற மெல்லிய பருத்தித் துணி கஞ்சியில்தான் விறைத்து நிற்கிறது. தண்ணீர் பட்டால் கஞ்சி போய், நனைந்த கோழி மாதிரி தொங்கிவிடும். ஆகவே துவைப்பது கிடையாது. ஒருத்தி வியர்த்து ஊறிய உடுப்பிலேயே அடுத்தவளும் வியர்க்க வேண்டும். நாற்றம் அடங்க, வாயில் வோட்காவை ஊற்றிக்கொண்டு அக்குள் பக்கம் ஃபூவென்று ஊதுவோம். நான் குடிகாரி என்று எங்கள் கோயில் பாதிரியாருக்கு இன்றுவரை சந்தேகம்.

அந்தக் கூடத்தில் எங்களுக்கெல்லாம் தலைமைத் தையல்காரி கிளாஃபீரா நிகீத்திச்னா. அரங்கத் தச்சனின் விதவை. தடித்த கைகள், உதட்டில் எப்போதும் நாலைந்து குண்டூசிகள், பேச்செல்லாம் அந்த ஊசிகளுக்கு நடுவிலிருந்துதான் வரும். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது பாவாடை முழங்காலை மூடியது. பிறகு இத்தாலி நாட்டியக்காரிகள் வந்து அதை முழங்காலுக்கு மேலே தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் முன்வரிசைக் கனவான்களுக்கு எதுவும் போதவில்லை.

"வருஷா வருஷம் கத்தரிக்கோல் மேல ஏறிக்கிட்டே இருக்கு, ஆகாஃப்யா" என்பாள் என்னிடம். "நான் சாகறதுக்குள்ள இடுப்பைச் சுத்தி ஒரு தட்டு மட்டும்தான் மிஞ்சும், பாரு."

அந்த முன்வரிசை நாற்காலிகள் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும், நிலபுலன் மாதிரி. பெண்டாட்டி பிரசவ வலியில் கிடந்தாலும், பாலே நடக்கும் புதன்கிழமை நாற்காலி காலியாக இருக்காது. அவர்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி முதன்முதலாகத் தனி ஆட்டம் ஆடினால், அவள் பாவாடையின் கடைசி ஓரத்துணி அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். வியர்வை காயாமல். அதைத் துண்டு போட்டுப் பங்கிட்டு, நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு, சூப் குடிக்கும்போதுகூட எடுத்து முகருவார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள்! த்தூ.

கிளாஃபீரா ஒரு பெண்ணின் துணியைக்கூட வெட்டிக் கொடுத்ததில்லை. மிச்சம் விழுந்த டார்லட்டனை நீளமாகக் கிழித்து, கீழ்த்தளத்தில் உலைக்குக் கரி அள்ளிப் போடும் நிகிஃபோரின் கழுத்தில் சுற்றிவிடுவாள். கரடி மாதிரி மனிதன். ஒரு பொழுது கரி அள்ளினால் துணி சொட்டச் சொட்ட வரும். அதில் கொஞ்சம் பன்னீர் தெளித்து, பட்டு நாடா கட்டி, முன்வரிசைக்கு அனுப்பிவிடுவோம். அதை அவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வதைத் திரை ஓட்டை வழியாகப் பார்த்து நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

கிளாஃபீராவின் மகள் அன்ஃபீசாவும் எங்கள் அரங்கில்தான் ஆடினாள். சிறு பிள்ளையிலிருந்தே நாட்டியப் பள்ளியில் வளர்ந்தவள். ஆனால் நின்றது 'தண்ணிக்குப் பக்கத்தில்'. மேடையின் கடைசி வரிசையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், பின்திரையில் தீட்டிய ஏரியை ஒட்டி நிற்பதால். அங்கே நிற்பவளின் முகம் அவளைப் பெற்றவளுக்கே தெரியாது. அந்த வருஷம் நோன்புக்கு முந்திய மஸ்லெனித்சா பண்டிகை வாரத்தில், பகல் காட்சியில், அவளுக்கு ஒரு தனி ஆட்டம் கிடைத்தது. அது தேறினால் அவள் முன்னுக்கு வருவாள். தேறாவிட்டால் பென்ஷன் வரைக்கும் ஏரிக்கரைதான். தேறியதா இல்லையா என்று நிர்வாகி முடிவு செய்வது முன்வரிசையைக் கேட்டுத்தான், அதிலும் அவர்களில் பெரிய தலையான வலேரியான் பிளதோனவிச்சைக் கேட்டு.

ஆட்டம் முடிந்து, அன்ஃபீசா உடை மாற்றும் அறையில் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முதுகுக் கொக்கிகளைக் கிளாஃபீராவும் நானும் கழற்றப் போனபோது, கதவைத் தட்டாமல் அந்த வலேரியான் உள்ளே வந்தார். பண்டிகை ஆயிற்றே, காலையிலிருந்தே பிளினி அப்பங்களாக விழுங்கியிருந்தார். விரலெல்லாம் வெண்ணெய், தாடியில் மீன்முட்டை.

"அந்தக் கத்தரியை இப்படிக் கொடு" என்றார். "இந்தத் தடவை நானே வெட்டிக்கிறேன். பொண்ணு உடுத்தியிருக்கறப்பவே."

"வேணாம் எசமான், துணி பிரிஞ்சிரும். நான் பதமா வெட்டி அனுப்பறேன்."

"நீ அனுப்பினதெல்லாம் போதும். இவ நாளைக்கு எங்க நிக்கணும்னு என்கிட்டதானே கேட்கப் போறாங்க?"

"வெட்டிக்கிட்டுப் போகட்டும்மா" என்றாள் அன்ஃபீசா, அவரைப் பார்க்காமல். "துணிதானே. என்னால மறுபடியும் தண்ணிக்குப் பக்கத்துல போய் நிக்க முடியாது."

அவர் முட்டி சொடக்க மண்டியிட்டார். வெண்ணெய் விரலால் ஓரத்தைத் தூக்கி, கத்தரியை மறந்துவிட்டு, கண்ணை மூடி மூச்சை இழுத்தார். அன்ஃபீசா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். புழு நெளியும் இறைச்சியைப் பார்த்தால்கூட எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்திருக்காது.

கிளாஃபீரா ஊசிகளைத் தரையில் துப்பினாள்.

"எசமான், நெஞ்சுப் பையில வச்சிருக்கீங்களே, அது யாருது?"

"லரீசாவோடது. அவ முதல் ஆட்டத்தோடது. ஏன்?"

"அது உலைக்கார நிகிஃபோர் கழுத்து வேர்வை. அதுக்கு முன்னாடி வாங்கினது, அதுக்கும் முன்னாடி வாங்கினது, எல்லாமே அவனுதுதான்."

"புளுகாதே!"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "சத்தியம் எசமான். வெங்காயம் தின்னுட்டுத்தான் கட்டிக்குவான். உங்களுக்கு அந்த வாசனை தெரியலையா?"

அவர் அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தார். பழக்கதோஷம், மூக்குக்கிட்டே கொண்டுபோனார். அடுத்த நொடி மூலையிலிருந்த தீயணைப்பு வாளியைக் கட்டிக்கொண்டார். தின்ற பிளினி அத்தனையும் வெளியே வந்தது. அதைக் கழுவியது நான்தான், வேறு யார்?

மறுநாளே கிளாஃபீராவுக்குக் கணக்கு முடித்தார்கள். அன்ஃபீசாவைத் தண்ணிக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள், அதுவும் ஓரத் தூணுக்குப் பின்னால். வலேரியான் தன் நாற்காலியில்தான் உட்கார்ந்தார், அதே தொலைநோக்கியோடு. வெட்கங்கெட்ட ஜென்மம்.

மஸ்லெனித்சா முடிகிற ஞாயிறு மன்னிப்பு ஞாயிறு. நோன்பு தொடங்குமுன் எல்லாரும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்போம். 'கடவுள் மன்னிப்பார்' என்று பதில் சொல்லி முத்தமிட்டுக்கொள்வோம். நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது கிளாஃபீரா மகள் முன்னால் இடுப்பு வளையக் குனிந்து நின்றாள்.

"என்னை மன்னிச்சிரும்மா. உன் வாழ்க்கையைக் கெடுத்துட்டேன்."

அன்ஃபீசா சொல்ல வேண்டிய பதிலைச் சொல்லவில்லை. கோபமும் தெரியவில்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அம்மா, அன்னிக்கு நான் எப்படி ஆடினேன்?" என்று கேட்டாள். "அந்த ஆள் சொல்லலை. நிர்வாகி சொல்லலை. நீயாவது சொல்லேன்."

கிளாஃபீரா நிமிர்ந்தாள். அன்றைக்கு மேடை ஓரத்தில் நின்று எங்கள் இரண்டு பேர் கண்ணும், தொங்கிவிடுமோ என்று அந்தப் பாவாடை மேலேயேதான் இருந்தது. என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

"பாவாடை நல்லா நின்னுச்சும்மா" என்றாள்.