அக்கரைப் பச்சை

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். பிறந்தபோது ஒன்றரைக் கிலோ. மூன்று நாள் தாங்காது என்றார்கள், தாங்கினாள். வலது காது கேட்காமலே பள்ளி இறுதித் தேர்வில் முதல் தடவையே தேறினாள். தட்டச்சுத் தேர்வில் நூற்றுப் பன்னிரண்டு பேரில் இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்தவர் தேர்வு நடத்தியவரின் மைத்துனர். மருத்துவமனையின் ஆவண அறையில் முதுகு சாய்க்கிற நாற்காலி ஒன்றை ஆறு வருடம் கேட்டு வாங்கினாள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற கிராமங்களுக்கு மாதம் இரண்டு முறை குடல் பரிசோதனை வண்டி போகும்படி செய்தாள்.

கடைசியாகச் சொன்னதைப் பற்றி மருத்துவமனை ஆண்டு மலரில் நாலு வரி வந்தது. ‘தன் கடமையைச் செய்த ஊழியர்’ என்று போட்டிருந்தார்கள். கடமையை மட்டும் செய்திருந்தால் அந்த வண்டி இன்றைக்கும் பாலத்தைத் தாண்டியிருக்காது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வீட்டில் அவளுக்குத் துருவி என்று பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்பாள். ஏழு வயதில், எங்கள் கடிகாரம் சரியா என்று பக்கத்து வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வருவாள். பிறகு அந்தக் கடிகாரம் சரியா என்று மூன்றாவது வீட்டுக்குப் போவாள். என் கணவர் சொல்வார்: “உன் தங்கச்சி கண்ணாடி பாத்தாலும், இது நான்தானான்னு ஒரு தடவை விசாரிச்சுட்டுத்தான் தலை வாருவா.”

ஆவண அறை மருத்துவமனையின் கடைக்கோடியில், சலவை அறையை ஒட்டி இருந்தது. ஒரு பக்கச் சுவர் எப்போதும் ஈரம். அந்தப் பக்க அலமாரிகளில் கோப்புகளை வைக்க மாட்டாள், வெறும் அட்டைகளைத்தான் வைப்பாள். நோயாளிகளின் காகிதப் படிவங்களைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. வருட முடிவில் எந்த நோய் எந்தப் பகுதியில் எத்தனை பேருக்கு என்று பட்டியலும் போடுவாள். எழுதுவது அவள்; கீழே கையெழுத்து மேலாளருடையது. பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியர். தற்காலிகம் என்றால் வருகைப் பதிவேட்டில்கூடக் கையெழுத்து கிடையாது, வாசலில் இருக்கிற இயந்திரத்தில் விரல் வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அந்த வருடம் ஏப்ரலில் நிரந்தரமாக்கும் பட்டியல் வரப்போவதாகவும், அதில் அவள் பெயர் நாலாவதாக இருப்பதாகவும் சொன்னார்கள்.

பிப்ரவரியில் அவள் போட்ட பட்டியலைப் புள்ளிவிவர அதிகாரி வரைபடமாக்கிச் சுவரில் மாட்டினார். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய், மூன்று வருடக் கணக்கு. மொத்தம் நூறு பேர். நகரத்தில் தொண்ணூற்றொன்று, அக்கரையில் ஒன்பது. இரு கரையிலும் மக்கள்தொகை ஏறக்குறைய ஒன்றுதான். நோய் அதிகமான இடத்துக்குச் சிவப்பு, குறைவான இடத்துக்குப் பச்சை.

“இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு சும்மாவா சொன்னாங்க?” என்றாராம் அதிகாரி. “அங்க நடக்கறாங்க, குனிஞ்சு நிமிர்ந்து வேலை செய்யறாங்க. நாம நாற்காலியே கதின்னு உக்காந்திருக்கோம். குடல் என்ன செய்யும்? புதுசா வர்ற பரிசோதனை வண்டி நகரத்துக்குத்தான். கணக்கு அதைத்தான் சொல்லுது.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அவசர ஊர்தி ஓட்டுநர் மட்டும் வரைபடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்திருக்கிறார். அவர் அக்கரைக்காரர். வெளியே வந்ததும் என் தங்கையிடம் கேட்டார்.

“ஏம்மா, எங்க பக்கம் மூணு வருஷத்துக்கு ஒன்பது பேர்தானா?”

“கணக்கு அப்படித்தான் சொல்லுது அண்ணே.”

“அப்ப மாசத்துக்கு ஒருத்தரையாவது பாலத்துக்கு மேல படுக்கவச்சுக் கூட்டிட்டு வரேனே, அவங்கள்லாம் சுற்றுலாவா வர்றாங்க?”

அதோடு அவளுக்குத் தூக்கம் போயிற்று. நூறு பேரின் கோப்பையும் மறுபடி பிரித்தாள். நாலாவது நாள் என்னிடம் வந்து, யார் காதிலும் விழக்கூடாத குரலில் சொன்னாள்.

“அக்கா, ஒரே வீட்டுல பதினோரு பேர்.”

“என்ன பதினோரு பேர்?”

“புற்றுநோய். ஆஸ்பத்திரிக்குப் பின்னாடித் தெருவுல பதினாலாம் எண் வீடு. அந்த வீட்டுத் தண்ணியில ஏதோ இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கையில் கழுவிக் காயவைத்த பாட்டில் ஒன்று. மூன்று மாடி வீடு. ஒவ்வொரு கதவிலும் சுண்ணாம்புக்கட்டியால் எண். மாடிப்படிக் கைப்பிடியில் துணிகளோடு எக்ஸ்ரே உறைகளும் தொங்கின. வீட்டுக்காரர் படிக்கட்டை மறித்துக்கொண்டு நின்றார்.

“யாரு வேணும்?”

“இந்த வீட்டுல எத்தனை பேர் இருக்கீங்க?”

“ஏன், கணக்கெடுப்பா?”

“இல்லைங்க. தண்ணி எங்கேருந்து வருது?”

“வரி ஆபீஸா நீங்க?”

“இல்லைங்க, ஆஸ்பத்திரி.”

“ஆஸ்பத்திரிக்குத்தான் ஆள் போகும். ஆஸ்பத்திரி எதுக்கு ஆளைத் தேடி வருது? அந்த பாட்டில் எதுக்கு?”

“தண்ணி பிடிக்க.”

“ஏன், உங்க வீட்டுல வரலையா?”

எனக்கு மானம் போயிற்று. அவள் நகரவில்லை. கீழ்ப்படியில் மடியில் கோப்போடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான் எங்களைக் காப்பாற்றினார்.

“நாங்க யாரும் இந்த வீட்டுக்காரங்க இல்லம்மா. நான் அக்கரை. மருந்து ஏத்தி முடியறவரைக்கும் இங்க அறை எடுத்திருக்கோம். மேல இருக்கறவங்களும் அப்படித்தான்.”

“உங்களுக்கு என்னங்க உடம்புக்கு?”

“குடல்ல கட்டி. ரெண்டு வருஷமா ரத்தம் போச்சு. மூலம்னு மருந்து கொடுத்தாங்க, சாப்பிட்டேன். மூலத்துக்கு மூலம் என்னன்னு யாரும் உள்ள பாக்கல. பாக்கற மிஷின் அந்தப் பக்கம் கிடையாதே. இங்க வர்றதுக்குள்ள ஈரலுக்குப் போயிடுச்சு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். காலிப் பாட்டிலோடு திரும்பி வந்தோம். மறுநாள் மாலை சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“தண்ணி இல்ல அக்கா. நான்தான்.”

“நீ என்ன பண்ணின?”

சேர்க்கைப் படிவத்தில் முன்பக்கம் ‘தற்போதைய முகவரி’, பின்பக்கம் ‘நிரந்தர முகவரி’. கணினியில் முகவரிக்கு ஒரே ஒரு கட்டம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேலாளர், முன்பக்கத்தைப் பார்த்துப் போடம்மா, கடிதம் அனுப்ப அதுதான் வேண்டும் என்றிருக்கிறார். பதினோரு வருடமாக அவள் காகிதத்தைத் திருப்பவில்லை. கடிகாரத்துக்குக் கடிகாரம் சரிபார்த்தவள், ஒரு தாளின் முதுகைப் பார்க்காமல் விட்டுவிட்டாள். அக்கரையிலிருந்து வந்து வாடகை அறையிலும் உறவுக்காரர் வீட்டிலும் தங்கியவர்கள் அத்தனை பேரும் நகரத்துக் கணக்கில் ஏறிவிட்டார்கள். நூறு கோப்பில் முப்பத்தெட்டு அப்படி. திருத்திப் பார்த்தால் நகரம் ஐம்பத்துமூன்று, அக்கரை நாற்பத்தேழு. ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் பதிந்தவரின் எண் இருக்கும். முப்பத்தெட்டிலும் அவள் எண்தான்.

“நானே தற்காலிகம். என் கையில நிரந்தர முகவரி எப்படி ஏறும்?” என்றாள். சிரித்த மாதிரி இருந்தது, சிரிக்கவில்லை.

ஏப்ரலுக்கு ஆறு வாரம்தான். இப்போது போய்ச் சொன்னால் தப்பைத் தானே ஒப்புக்கொண்ட மாதிரி. பட்டியலில் பெயர் இருக்காது, இருக்கிற வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் வண்டி நகரத்துக்குப் போய்விடும். அதனால் இயக்குநருக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதுவது என்று முடிவு செய்தோம். அவள் எழுத்து அங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெயர் போடவில்லை.

“மொட்டைக் கடிதாசிக்கு யாரும் தலைவாரிப் பூ வைக்க மாட்டாங்க, பாத்துக்கோங்க,” என்றார் என் கணவர்.

அவர் சொன்னபடிதான் ஆயிற்று. இயக்குநர் ‘விசாரிக்கவும்’ என்று எழுதி அதைப் புள்ளிவிவர அதிகாரிக்கே அனுப்பிவிட்டார். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அதிகாரி விசாரிக்கவில்லை. யார் எழுதியது என்றுதான் விசாரித்தார். பத்து நாள் அந்த அலுவலகத்தில் யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் மூன்றாவது ஆள் வாசலில் நின்றார். மேலாளர் தன் பேனாவைக்கூட மேஜைமேல் வைத்துவிட்டுப் போகவில்லை.

சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் துளை ஒரு நூல் விலகினாலும் கண்டுபிடிக்கிறவள் நான். ரகரமும் றகரமும் மட்டும் எனக்கு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டன. ‘அக்கறை மக்களின் நோய் இக்கறைக் கணக்கில் ஏறியுள்ளது’ என்று எழுதியிருக்கிறேன். அதிகாரி அதைப் பிடித்துக்கொண்டார். வரைபடத்தைப் பார்த்திருந்த இருபத்துமூன்று பேரையும் வரிசையாக உட்காரவைத்து ஒரு வரி சொல்லி எழுதச் சொன்னார்: ‘அக்கரைக்குப் போகும் வண்டியை அக்கறையோடு ஓட்ட வேண்டும்.’

இரண்டு இடத்திலும் பெரிய றகரம் போட்டவர் ஒரே ஒருவர். ஓட்டுநர்.

“எழுத்து வேற மாதிரி இருக்கே சார்,” என்று மேலாளர் சொல்லிப் பார்த்தார்.

“கையை மாத்தி எழுதியிருப்பான். தப்பை மாத்த முடியுமா?”

“சார், இந்த றாவுக்காகப் பள்ளிக்கூடத்துல முட்டி போட்டிருக்கேன்,” என்றாராம் ஓட்டுநர். “அதுக்கு இப்ப வேலையும் போகணுமா?”

சாவியை வாங்கிக்கொண்டு அவரை வாசல் காவலுக்குப் போட்டார்கள். ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் வேலைநீக்கம் என்று கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். மறுநாள் விரல் வைக்கப் போன என் தங்கையை அவர் உற்றுப் பார்த்திருக்கிறார்.

“யாருன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?”

அவள் இயந்திரத்தில் விரலை வைத்தாள்.

“எழுதினவங்க மேல எனக்குக் கோபமில்ல. எழுதினது நெசம். ஆனா அவங்க பேரைப் போட்டிருந்தா, என் பேரு வந்திருக்காதில்ல?”

வீட்டில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. என் கணவர் நல்லது நினைத்துத்தான் சொன்னார்: “ஏப்ரல் பட்டியல் வரட்டும். வேலை கையில வந்ததும் சொல்லு. அப்ப உன்னை யாரும் அசைக்க முடியாது.”

“அதுக்குள்ள அவருக்கு ஏழு நாள் முடிஞ்சிடும் அத்தான்.”

“பிழை என் எழுத்துலதானே?” என்றேன் நான். “நான் வந்து சொல்றேன். உன் பேச்சே வேண்டாம்.”

“உன் எழுத்துப்பிழை ரெண்டு அக்கா. என்னோடது முப்பத்தெட்டு.”

மூன்று பக்கம் எழுதினாள், தன் கையாலேயே. முப்பத்தெட்டுக் கோப்பு எண்கள், முன்பக்கம் என்ன, பின்பக்கம் என்ன, பதிந்தது யார், முதல் கடிதத்தைச் சொன்னது யார், எழுதியது யார், எல்லாம். நோயாளியின் பெயர் ஒன்றுகூட இல்லை. நானும் கூடப் போனேன். அதிகாரியின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது.

அவர் மூன்று பக்கத்தையும் படித்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் வெற்றிடமாக இருந்தது.

“யாரைக் காப்பாத்தப் பாக்கறே? ஓட்டுநர் உனக்கு என்ன உறவு?”

“கூட வேலை செய்யறவர் சார்.”

“இல்ல, வேற யாரோ உன்னை ஏவிவிட்டிருக்காங்க. மேலாளரா?”

“முப்பத்தெட்டுப் படிவத்தையும் திருப்பிப் பாருங்க சார். ஏவிவிட்டது அதுதான்.”

“இதுல கையெழுத்துப் போட்டா உன் வாக்குமூலம் ஆயிடும். பட்டியல்ல நாலாவது பேர் உன்னுது. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு சார்,” என்றாள்.

மேஜைமேல் இருந்த பேனாவை அவர் தரவில்லை. அவள் தன் பையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

ஓட்டுநருக்கு அந்த வாரமே சாவி திரும்பி வந்தது. இயக்குநர் வெளியிலிருந்து இருவரை வரவழைத்து நூறு படிவங்களையும் சரிபார்க்கச் சொன்னார். ஐம்பத்துமூன்று, நாற்பத்தேழு, ஒன்றுகூடப் பிசகவில்லை. வண்டியை இரு கரைக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். ஏப்ரல் பட்டியலில் என் தங்கையின் பெயர் இல்லை. கேட்டதற்கு, விட்டுப்போயிற்று என்றார்கள். இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது. அந்த இரண்டு வருடமும் அவள் விரல்தான் வைத்தாள்.

வண்டி போன முதல் வருடம் அக்கரை எண்ணிக்கை நகரத்தைத் தாண்டியது. பாதிப் பேருக்கு மேல் நோய் ஆரம்ப நிலையிலேயே தெரிந்துவிட்டது. அதிகாரி அதையும் நம்பவில்லை. “வண்டியே நோயைக் கொண்டுபோயிருச்சு போல,” என்றார்.

“டார்ச் அடிச்சா எலி தெரியுது சார். டார்ச்சா எலியைக் கொண்டுவந்துச்சு?” என்று கேட்டுவிட்டு வந்தாள்.

கோப்பில் அந்த மூன்று பக்கத்தின்மேல் மார்ச் 20 என்று அலுவலக முத்திரை இருக்கிறது. நடுவில் இரண்டு நாள் அது எந்த மேஜை இழுப்பறைக்குள் கிடந்தது என்று அவள் இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்: தான் எழுதியதன் கீழே என் தங்கை முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2014, மார்ச் 18, செவ்வாய்க்கிழமை.