நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த திருத்தம்

தொண்ணூறுகளின் நடுவில், தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் என் தங்கை வீட்டுக்காரருக்கு வேலை போனது. குடித்துவிட்டு வந்து, பட்டுப் பிரிவில் ஒரு கல்யாண கோஷ்டியையே "எடுக்கறதுன்னா எடு, இல்லாங்காட்டி கெளம்பு" என்று விரட்டியிருக்கிறார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். ஆளைச் சேர்த்துவிட்டவர்தான் ஆளுக்குப் பொறுப்பு. சேர்த்துவிட்டது நான். ஆக, அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்றால் மன்னிப்புக் கடிதத்தை நான் எழுதி, அடியில் நானும் கையெழுத்துப் போட வேண்டும். முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்திருந்ததால், அதுவும் இங்கிலீஷில்.

எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை. லஸ் முனையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை போன அகராதிதான். அதைப் புரட்டிப் புரட்டி 'ரிபென்ட்' என்று எழுதினேன். செய்ததை நினைத்து மனம் நோவது. அதில் பொய்யே கிடையாது. மாப்பிள்ளை குடித்த மறுநாள் காலையில் சாப்பிட மாட்டார், பிள்ளைகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வார், தங்கை காலில்கூட விழுவார்.

கடை மேனேஜர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். படித்துவிட்டு என் பக்கமே தள்ளினார்.

"வருத்தப்படுதான்னு எழுதியிருக்கீரு. அவன் வருத்தப்பட்டா எனக்கென்னவே? திருந்திட்டான்னு எழுதும். இங்கிலீஷ்ல அதுக்கு வார்த்தை இல்லையா?"

இருக்கிறது. 'ரிஃபார்ம்'. வருந்த ஒரு காலைப்பொழுது போதும். இதற்கோ ஆளே மாறியிருக்க வேண்டும். எனக்கு எரிச்சலாக வந்தது.

மாடிப்படியில் தங்கையோடு காத்திருந்த மாப்பிள்ளை விஷயத்தைக் கேட்டதும் கெஞ்சினார். "இன்னா மச்சான், ஒரு வார்த்தைதானே? மாத்திக் குடேன்."

"ஞாயித்துக்கெழமை எங்க மாப்ள போயிருந்தீங்க?"

"அதுக்குத்தான் திங்கக்கெழமையே வருத்தப்பட்டுட்டேனே."

இவரிடம் அகராதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? தங்கை தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "எழுதிடுண்ணா. ஸ்கூல் தொறக்கப் போவுது."

வார்த்தையை அடித்து, மேலே மற்றதை எழுதி, கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் வாங்கி ஃபைலில் கோத்தார். "இனி வாடை அடிச்சா உம்மத்தான் கூப்பிடுவேன், பாத்துக்கிடும்."

அன்றிலிருந்து தினமும் காலையில், என் ஆபீசுக்கு எதிர்த்திசையில் அடையாறு பஸ் ஏறி, மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்று, "ஊதுங்க மாப்ள" என்று அவர் வாயை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நான் வேலைக்குப் போனேன். அவரும் மறுக்காமல் ஊதுவார். சில நாட்களில், மிகுந்த வருத்தத்தோடு.